கெல்டி, கெல்மிஷ்

துருக்கி மொழியின் பெருமையைச் சொல்ல வருபவர்கள், செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கி ஒரு வரி நீளத்துக்கு ஓடும் அந்தப் பிரசித்தமான ஒற்றைச் சொல்லை எடுத்துவிடுவார்கள். அது கழைக்கூத்து. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ரசிக்க வேண்டியவை சின்ன உருபுகள்.

'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிமிஸ்' எங்கள் வீடுகள், 'எவ்லெரிமிஸ்டென்' எங்கள் வீடுகளிலிருந்து. பன்மை, உடைமை, வேற்றுமை என்று வரிசை பிசகாமல் ஒட்டுகின்றன. தமிழ்க் காதுக்கு இது அந்நியமில்லை. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைத் துருக்கியும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு உறவுபடுத்தினார். மொழியியலார் இன்று அதை ஏற்பதில்லை.

நம்மிடம் இல்லாதது உயிரிசைவு. 'இல்' என்ற நம் உருபு எங்கும் 'இல்'தான். அங்கே இஸ்தான்புல்லில் என்பதற்கு 'இஸ்தான்புல்டா', இஸ்மிரில் என்பதற்கு 'இஸ்மிர்டே'. சொல்லின் கடைசி உயிர் எதுவோ, உருபும் அதற்கு இசைந்த உயிரை ஏற்கிறது. நாலைந்து விகுதிகள் தொடர்ந்தாலும் உச்சரிப்பு தடுக்குவதில்லை.

ஆனால் என் மனம் போய் நிற்பது 'மிஷ்' என்ற வினை விகுதியிடம். 'கெல்டி' என்றால் வந்தான். சொல்பவர் அதை உறுதியாகச் சொல்கிறார். 'கெல்மிஷ்' என்றாலும் வந்ததுதான், ஆனால் கண்ணால் பார்க்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டிருக்கலாம், வாசலில் செருப்பைப் பார்த்து ஊகித்திருக்கலாம். நாம் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்: கேள்விப்பட்டதற்கு 'வந்தானாம்', தடயம் பார்த்ததற்கு 'வந்திருக்கிறான்'. துருக்கியர் இரண்டையும் ஒரே அசையில் அடக்கிவிட்டார்கள். அதனால்தான் அவர்களுடைய நாட்டுப்புறக் கதைகள் 'பிர் வார்மிஷ், பிர் யொக்முஷ்' என்று தொடங்குகின்றன: ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். நம் பாட்டிமார் 'ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்' என்பார்களே, அந்த 'ஆம்'தான்.

சமைத்ததைச் சுவைத்துவிட்டு 'சொக் குஸெல் ஒல்முஷ்' என்பார்கள்: ரொம்ப நன்றாக அமைந்திருக்கிறது. இங்கே வதந்தி எதுவுமில்லை. வாயில் வைத்த பிறகு தெரிந்துகொண்டது, அவ்வளவே. இதைவிட நுட்பம் தன்மை ஒருமையில். கண்விழித்தவர் 'உயுமுஷும்' என்பார்: தூங்கிப்போயிருக்கிறேன். தான் தூங்கியதற்குத் தானே சாட்சியாக முடியாது என்று அந்த இலக்கணத்துக்குத் தெரிந்திருக்கிறது.