நிலவறையில் பிறந்த இசை

1950களில் லண்டனுக்கு வேலை தேடி வந்த ஜமைக்காக்காரருக்குச் சனிக்கிழமை இரவு போக்கிடம் கிடையாது. பல பப்களில் முகத்தைப் பார்த்ததுமே இடமில்லை என்றார்கள். நடன அரங்குகளில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். வாடகை அறைகளின் ஜன்னலில் 'கறுப்பருக்கு இல்லை' என்ற அட்டை தொங்கியது. வேறு வழியின்றி வீட்டு நிலவறையைக் காலி செய்து அங்கேயே ஆடத் தொடங்கினார்கள். புளூஸ் பார்ட்டி என்று அதற்குப் பெயர். கட்டிலும் மேஜையும் வெளியே போகும். அலமாரி உயர ஸ்பீக்கர் பெட்டிகள் உள்ளே வரும். வாசலில் சில்லறை வசூல். அடுப்படியில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் விற்பார்கள். வெளிச்சத்துக்கு ஒற்றைப் பல்பு. பேஸ் ஒலி தரைவழியே காலில் ஏறும். ஜன்னல் கண்ணாடி விடியும்வரை அதிரும்.

அந்தக் குழம்பின் பூர்வீகம் நமக்கு அந்நியமல்ல. 1845 முதல் கல்கத்தாவிலும் மதராஸிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஜமைக்காவுக்குக் கொண்டுபோன கைப்பக்குவம் அது. அங்கிருந்து இன்னொரு கடல் தாண்டி லண்டனுக்கு வந்திருக்கிறது.

பிரிட்டன்மீதான கரீபியத் தாக்கம் என்றால் எல்லாரும் கப்பலில்தான் தொடங்குகிறார்கள். 1948 ஜூனில் கரீபியர்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்த 'எம்பயர் விண்ட்ரஷ்', அதன் தளத்தில் செய்திப்பட கேமராவுக்கு முன் லண்டனைப் புகழ்ந்து பாடிய கலிப்சோ பாடகர் லார்ட் கிச்சனர். அழகான காட்சிதான். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கிலாந்து மண்ணில் முதன்முறையாக வென்றதும், அதே கப்பலில் வந்த லார்ட் பிகினர் அந்த வெற்றியைக் கலிப்சோவாக்கியதும் அதன் தொடர்ச்சி. ஆனால் கலிப்சோவை பிரிட்டன் ஒரு வேடிக்கையாக ரசித்துவிட்டுக் கடந்துபோய்விட்டது. அந்நாட்டு இசையை அடியோடு மாற்றியது நிலவறைதான் என்பேன்.

ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்பது நகரும் இசைக்கூடம். சொந்தமாகச் செய்த ஆம்ப்ளிஃபையர், பெட்டிகள், இசைத்தட்டுகளைத் தேர்ந்து போடும் செலக்டர், மைக் பிடித்துத் தாளத்தின்மேல் பேசிப் பாடும் டீஜே, எல்லாம் சேர்ந்த ஒரு குழு. டியூக் வின் என்பவர் 1950களின் நடுவில் லண்டனின் லாட்புரோக் குரோவ் பகுதியில் இதைத் தொடங்கினார். போட்டிக் குழுவிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருக்கவேண்டும் என்பதற்காக ஒரே ஒரு பிரதியாக வெட்டும் டப்பிளேட், கூட்டம் ஆர்ப்பரித்தால் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போடும் ரீவைண்ட், குரலை உருவிவிட்டு டிரம்மையும் பேஸையும் மட்டும் விடும் டப் ஆகியவை இந்தப் போட்டியில் வளர்ந்த உத்திகள். பாடல்களைவிட இந்த வேலைமுறைதான் நிலைத்தது.

ஸ்கா, ரெக்கே பாடல்கள் வெற்றிபெறவில்லை என்று சொல்லவில்லை. மில்லி ஸ்மால் 1964இல் பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. 1969இல் டெஸ்மண்ட் டெக்கர் முதலிடத்துக்கே போனார். ஆனால் வெற்றிப் பாடல் வரும், போகும். லண்டனின் சோல் டு சோல் ஒரு சவுண்ட் சிஸ்டமாகத் தொடங்கி 1989இல் முதலிடம் பிடித்தது. பிரிஸ்டலின் 'வைல்ட் பன்ச்' சவுண்ட் சிஸ்டத்திலிருந்துதான் மாஸிவ் அட்டாக் வந்தது. 1990களின் தொடக்கத்தில் டிரம் துண்டுகளைப் பேய்வேகத்தில் ஓட்டி அடியில் ரெக்கே பேஸை வைத்தபோது ஜங்கிள் பிறந்தது. பிறகு கராஜ், டப்ஸ்டெப், கிரைம். 2003இல் மெர்க்குரி இசைப் பரிசு பெற்ற கிரைம் கலைஞர் டிஸ்ஸி ராஸ்கலின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கரீபியரின் பேரர்களையும் தாண்டி இது ஊரின் சொத்தாகிவிட்டது.

இந்த இசையின் பூர்வீகம் காவல்துறைக்கும் தெரிந்திருந்தது. லண்டன் போலீஸ் 2005இல் கொண்டுவந்த 'படிவம் 696' கிளப் நடத்துபவரிடம் என்ன வகை இசை, வருபவர்கள் எந்த இனம் என்றெல்லாம் கேட்டது. இனம் பற்றிய கேள்வி பின்னர் நீக்கப்பட்டது. படிவத்தையே ஒழிக்க 2017 ஆயிற்று. நிலவறைப் பார்ட்டியில் புகுந்து பெட்டிகளை உடைத்த அந்தக் காலத்து ரெய்டுக்கு வாரிசு என்று இதைச் சொல்லலாம்.

உடைக்கு வருவோம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர 'ரூட் பாய்' இளைஞர்கள் குட்டையான கால்சட்டை, ஒட்டிய சூட், சிறுவிளிம்புத் தொப்பி என்று மிடுக்காகத் திரிந்தவர்கள். அந்த மிடுக்கை லண்டனின் வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பையன்கள் கைக்கொண்டார்கள். 1960களின் இறுதியில் ஸ்கின்ஹெட் என்று தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு ரெக்கேக்கு ஆடியவர்கள் இவர்களே. அதே பெயரில் பின்னால் இனவெறிக் கும்பல் திரண்டது வரலாற்றின் குரூரமான கேலி. கோவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் 1979இல் தொடங்கிய டூ டோன் நிறுவனம் அதற்குப் பதில் சொல்வதுபோல் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே மேடையில் ஏற்றிக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தையே சின்னமாக்கியது. அதன் முத்திரையிலுள்ள சூட் போட்ட பொம்மை மனிதன், ஜமைக்கப் பாடகர் பீட்டர் டாஷின் பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது.

சரக்கு எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட் கிராமப்புறத்தில் பிறந்த கிளார்க்ஸ் காலணிகளை ஜமைக்காக்காரர்களைப்போல் யாரும் கொண்டாடியதில்லை. வைப்ஸ் கார்ட்டெல் 2010இல் அதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டினார். ஜமைக்கத் தந்தைக்கு லண்டனில் பிறந்த ஆடை வடிவமைப்பாளர் கிரேஸ் வேல்ஸ் பானர், 2020இல் தன் ஆடைத் தொகுப்புக்கு 'லவர்ஸ் ராக்' என்று பெயரிட்டார்.

லவர்ஸ் ராக் என்பது தெற்கு லண்டனில் பிறந்த, பெண்குரல் மேலோங்கிய காதல் ரெக்கே. ஜேனட் கே பாடிய அவ்வகைப் பாட்டு 1979இல் இரண்டாம் இடம்வரை போயும் விமர்சகர்கள் அதை மென்மையானது என்று ஒதுக்கினார்கள். ஆய்வாளர்களும் அப்படித்தான். 1979இல் டிக் ஹெப்டிஜ் எழுதிய 'சப்கல்ச்சர்' நூல், பிரிட்டிஷ் வெள்ளை இளைஞரின் உடைப் பாணிகளெல்லாம் கறுப்பர் வருகைக்கான மறைமுக எதிர்வினை என்று காட்டிய அருமையான நூல். ஆனால் அதில் பெண்கள் எங்கே என்று ஆஞ்செலா மெக்ராபி கேட்டது நியாயமான கேள்வி. தெருவில் மிடுக்காக நின்ற பையனைத்தான் ஆய்வுத் துறை முழுக்கப் பார்த்தது. கார்னிவலின் தொடக்கத்திலும் ஒரு பெண் இருக்கிறார். டிரினிடாடில் பிறந்து அமெரிக்காவால் நாடுகடத்தப்பட்ட கிளாடியா ஜோன்ஸ், நாட்டிங் ஹில் இனக்கலவரத்துக்குப் பிறகு, 1959 ஜனவரியில் செயின்ட் பான்கிராஸ் நகர மன்றத்தில் உள்ளரங்கக் கார்னிவல் நடத்தி, வருமானத்தில் ஒரு பங்கைக் கைதான இளைஞர்களின் அபராதத்துக்கு ஒதுக்கினார். இன்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் தெருவை நிறைக்கும் கார்னிவலுக்கு அது ஒரு வேர். 1973இல்தான் சவுண்ட் சிஸ்டங்கள் அதன் தெருமுனைகளுக்கு வந்தன; நிலவறை வெயிலுக்கு வந்தது.

பெண்களின் உழைப்பைப் பார்க்க வீட்டின் முன்னறைக்குள் போகவேண்டும். நாடகாசிரியர் மைக்கேல் மெக்மில்லன் 2005இல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அத்தகைய அறையை அப்படியே அமைத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய குரோஷே விரிப்புகள், சுவரில் ஏசுவின் கடைசி விருந்து, மூலையில் 'புளூ ஸ்பாட்' ரேடியோகிராம். விருந்தினர் வந்தால் மட்டுமே குழந்தைகளுக்கு அனுமதி. பணம் கிடைத்த வழியும் சுவையானது. வங்கிகள் வீட்டுக் கடன் தர மறுத்ததால் 'பார்ட்னர்' கட்டினார்கள். நம் ஊர்ச் சீட்டேதான், தவணை தவணையாகப் போட்டு முறைவைத்து எடுப்பது. பிரிக்ஸ்டனில் பல வீடுகள் இந்தப் பணத்தில் வாங்கியவை.

இனி பேச்சுமொழி; அதற்கு முன்னோடி ஒரு நாவல். மதராஸிலிருந்து டிரினிடாட் போன தந்தைக்குப் பிறந்த சாம் செல்வன் 1956இல் 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலைக் கதைமாந்தர் பேச்சில் மட்டுமின்றி ஆசிரியர் கூற்றிலும் தீவு ஆங்கிலத்திலேயே எழுதினார். இன்று கிழக்கு லண்டனில் வங்காளதேசப் பையனும் துருக்கிப் பெண்ணும் வெள்ளைப் பிள்ளையும் ஜமைக்கப் பட்வா மொழியின் சொற்களைப் பொதுவில் பேசுகிறார்கள். மொழியியலாளர்கள் அதைத் தனி வழக்காகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2011 கலவரத்தின்போது டேவிட் ஸ்டார்க்கி என்ற வரலாற்றாசிரியர், வெள்ளை இளைஞர்கள் கறுப்பராகிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் அங்கலாய்த்தார். வசைதான், அவரறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்ட வசை.

உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜெர்க் சிக்கன் சூப்பர் மார்க்கெட்டுக்கே வந்துவிட்டது. 2018இல் பிரபல சமையல்காரர் ஜேமி ஆலிவர் 'ஜெர்க் சோறு' விற்றபோது, ஜெர்க் என்பது பொருளை விற்பதற்காக முன்னால் ஒட்டும் வெறும் சொல் அல்ல என்று நாடாளுமன்ற உறுப்பினர் டான் பட்லர் சாடியது பெரிய செய்தியாயிற்று. அதைவிடப் பெரிய செய்தி அதே ஆண்டு ஏப்ரலில் வந்திருந்தது. குழந்தையாகக் கரீபியத்திலிருந்து வந்து, பள்ளி முடித்து, வரி கட்டி முதுமையடைந்தவர்களிடம் அரசு குடியுரிமைக் காகிதம் கேட்டது. வேலையும் மருத்துவமும் பறித்தது. சிலரை நாடுகடத்தவும் செய்தது. அவர்கள் வந்ததற்குச் சான்றான தரையிறங்கு அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்திருந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அமைச்சர் பதவி விலகினார். ஜூன் 22ஐ 'விண்ட்ரஷ் தினம்' என்று அரசு அறிவித்ததும் அதே 2018இல்தான்.