பாத்திரத்தை இறக்கினால்தான் தெரியும் தீ

இந்த அடுப்பில் பார்க்க வேண்டிய ஒரே இடத்தைக் குண்டான் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. என் பெரிய புகார் இதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

விசிறி வைத்த விறகடுப்பு. இரட்டைச் சுவர் எவர்சில்வர் உருளை, அடியில் செல்போன் சார்ஜரில் ஓடும் குட்டி விசிறி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எடையும் வாட் கணக்கும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கின்றன. போடியிலிருந்து மெட்டுச் சாலையில் ஏறினால் வரும் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே உள்ள வீட்டில், மழைக்கு முன்பிருந்தே இதில்தான் சமையல்.

பற்றவைப்பதே தலைகீழ். சுள்ளியை உருளைக்குள் நிரப்பி உச்சியில் தீ வைக்க வேண்டும். முதல் சில நிமிடம் சாதாரண விறகுத் தீதான், கொஞ்சம் புகையும் உண்டு. பிறகு தீ விறகை விட்டுக் கழன்றுகொள்கிறது. மேல்விளிம்பைச் சுற்றியுள்ள ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நாக்கு உள்நோக்கி நீண்டு, எல்லாம் நடுவில் கூடிச் சுழல்கின்றன. கேஸ் அடுப்பின் பர்னரை உள்பக்கமாகத் திருப்பி வைத்தது போல இருக்கும். கீழே விறகு கறுத்துக் கிடக்கிறது. அதில் தீயே இல்லை. சோறு வைக்க வந்தவன் அரிசியை மறந்து நிற்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் துளைகளில் வருவது வெறும் காற்று. சூடேறும் காய்ந்த விறகு தன் எடையில் சுமார் முக்கால் பங்கை வாயுவாகவும் தார் ஆவியாகவும் வெளியே விடும். மூன்று கல் அடுப்பில் அதில் ஒரு பகுதி எரியாமலே தப்பி, கண்ணைக் கரித்து, கூரையில் கரியாகப் படிகிறது. இங்கே சுவர்களுக்கிடையே சூடாகி ஏறும் காற்று அதை வழிமறித்து எரிக்கிறது. குளிர்ந்த காற்றைப் பாய்ச்சினால் வாயு எரியாமல் புகையாகவே போய்விடும். சுவர் இரட்டையாக இருப்பதன் காரணம் அதுதான்.

மேலிருந்து கொளுத்தும் இந்த முறையை 1985 வாக்கில் அமெரிக்காவின் டாம் ரீட் யோசித்தார். நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தாவின் குழு விசிறி அடுப்பை உருவாக்க, பி.பி. நிறுவனம் அதை ‘ஊர்ஜா’ என்ற பெயரில் 2006இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. ஆனால் அதற்குப் பயிர்க்கழிவில் செய்த வில்லைகள் வேண்டும். வில்லை விலை ஏறியதும் பல வீடுகள் அடுப்பை ஓரங்கட்டின. என்னுடையது விறகுத் துண்டையே தின்கிறது. தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் சில்வர் ஓக் கொப்புகள் போதும். விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டியதுதான் பாடு. அரிவாள் பிடித்த கை சாயங்காலம் பதில் சொல்லும்.

ஐரோப்பாவில் குளிர்காய வைக்கும் விறகு ஸ்டவ்களிலும் இதே வித்தைதான். 2022 முதல் அங்கே புதிதாக விற்பவை புகைக்கான வரம்பைத் தாண்டக் கூடாது. அவற்றுக்கு முன்பக்கம் கண்ணாடிக் கதவு உண்டு, ஆள் நாற்காலி போட்டுப் பார்க்கலாம். நம்மூர் அடுப்பைச் செய்தவர்களோ, சமைக்கிறவருக்குத் தீயைப் பார்க்க என்ன தேவை என்று முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

தேவை இருக்கிறது. விறகு காய்ந்திருக்கிறதா என்று அந்தத் தீ வளையம்தான் சொல்லும். காய்ந்த விறகென்றால் நாக்குகள் ஒரே சீராக, அடியில் நீலம் தட்டி நிற்கும். ஈரமென்றால் வளையத்தில் ஓட்டை விழுந்து, நுனி சிவந்து கரி கக்கும். மெட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் சாக்குப்பையில் வைத்த விறகுகூட ஈரம் குடித்துவிடுகிறது. கடைசியில் வாயு தீர்ந்து கங்கு மட்டும் மிஞ்சும்போது வளையமே மறையும்; அப்போது விசிறியைக் குறைக்காவிட்டால் குழம்பில் சாம்பல். இவ்வளவு செய்தியையும் குண்டானுக்கு அடியில் ஒளித்து வைத்தால் எப்படி? உயரமான இரும்பு வளையம் ஒன்று அடித்து வாங்கி, அதன் மேல் பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். தீ தெரிகிறது, தண்ணீர் கொதிக்கத்தான் தாமதமாகிறது. வளையத்தை எடுக்க மனமில்லை.

இடையில் விறகு போடுவது இன்னொரு எரிச்சல். ஒரு கைப்பிடி அதிகமானாலும் வளையம் அணைந்து புகை குப்பென்று கிளம்பும். ‘புகையே வராது’ என்று பெட்டியில் அச்சடித்தவர் ஒரு நாளாவது இதில் பருப்பு வேகவைத்திருக்க வேண்டும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் புகைபோக்கிகளை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். காயின் பச்சை போகாமல் 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு நாள் போல உலர்த்த, விறகு உலை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகைபோக்கியில் கறுப்பாகப் போகும் ஒவ்வொரு சுருளும் காசு கொடுத்து வாங்கிய விறகுதான்.

நாலு பேருக்குச் சமைக்கும் வீடு, காய்ந்த விறகு, நறுக்கப் பொறுமை, காற்றோட்டமான அடுப்படி நான்கும் இருந்தால் வாங்கலாம். குளிருகிறதென்று கதவடைத்த அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கங்கு விடும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, உயிரை எடுக்கும். ஐஎஸ் 13152 தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்; விசிறி அடுப்புக்கு அது குறைந்தது 35 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. விசிறி கெட்டால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு பணத்தை எடுங்கள்.