நீட்சி சாராத நிறுவி உருவாக்கம்: ஒரு மதிப்பீடு

நிறுவி என்பது மென்பொருளின் கோப்புகளைப் பயனரின் கணினியில் உரிய இடங்களில் பதித்து, அதை இயங்கும் நிலைக்குக் கொண்டுவரும் பொதி. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய தமிழ்த் தட்டச்சு மென்பொருட்கள் விண்டோஸ் பயனர்களை நிறுவிகளின் வழியாகவே சென்றடைந்தன. ஆயினும் மூல நிரல் பேசப்படும் அளவுக்கு நிறுவி உருவாகும் முறை பேசப்படுவதில்லை.

விஷுவல் ஸ்டுடியோ நிறுவித் திட்டம்

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் 2010 பதிப்பு வரை நிறுவித் திட்ட வகை உள்ளடங்கியிருந்தது. 2012 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் 2014இல் தனி நீட்சியாகத் திரும்பி வந்தது. கோப்புகளைத் திரையில் இழுத்து வைத்தே நிறுவியை உருவாக்க முடிவது இதன் சிறப்பு. முதன்முறை நிறுவி செய்பவருக்கு இதைவிட எளிய வழி குறைவு.

இதன் குறை தானியங்கி உருவாக்கத்தில் தெரியவரும். மற்ற திட்டங்களைத் தொகுக்கும் எம்.எஸ்.பில்டு இவ்வகைத் திட்டத்தைத் தொகுக்காது. அதனால் மனிதர் அமராத வழங்கிக் கணினியிலும் விஷுவல் ஸ்டுடியோ முழுவதையும் நீட்சியோடு நிறுவி, அதன் டெவென்வ் நிரலைக் கட்டளை வரியில் இயக்க வேண்டும். அப்போதும் 8000000ஏ என்ற பிழை எழுவதுண்டு. விண்டோஸ் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றினால் அது நீங்கும். ஆனால் அந்த மதிப்பு பயனர் கணக்குக்கு உரியது. வழங்கியில் உருவாக்கத்தை இயக்கும் கணக்கு வேறாக இருந்தால், அந்தக் கணக்கிலும் மாற்ற வேண்டும். இத்தகைய திருத்தங்கள் மூல நிரலோடு சேமிக்கப்படுவதில்லை. செய்தவரின் நினைவில் மட்டுமே தங்கிவிடுகின்றன.

மாற்று முறைகள்

விக்ஸ் கருவித்தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 2004இல் திறந்த மூலமாக வெளியிட்டது. இதில் நிறுவியின் விவரங்கள் எக்ஸ்.எம்.எல். உரையாக எழுதப்படுகின்றன. 2023இல் வந்த நான்காம் பதிப்பு முதல், தேவையான கருவிகள் நியூகெட் பொதியாக வந்து சேர்கின்றன. டாட்நெட் கட்டளை ஒன்றே போதும், நீட்சி வேண்டியதில்லை. ஆனால் எக்ஸ்.எம்.எல். நீளமானது, கற்கக் கடினமானது. நிறுவியை உருவாக்க விண்டோஸும் தேவை.

தமிழுக்கு நெருங்கிய சான்று கீமேன். இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் இதை அடிப்படையாகக் கொண்டவை. கீமேன் விசைப்பலகைகளின் மூல நிரல்கள் இன்று பொதுக் களஞ்சியத்தில் உள்ளன. கே.எம்.சி. என்ற கட்டளை வரித் தொகுப்பி லினக்ஸ், மேக் கணினிகளிலும் இயங்குகிறது. விசைப்பலகையைத் திருத்தி அனுப்பினால், பொதியை வழங்கியே தொகுத்துவிடும்.

மதிப்பீடு

கட்டற்ற மென்பொருள் என்பதற்கு, மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்கும் உரிமையும் பொருளாகும். நிறுவியை ஒருவரின் கணினியில் மட்டுமே உருவாக்க முடியுமானால் அந்த உரிமை பெயரளவில்தான் இருக்கிறது. அவர் விலகிய பின் நிரல் திறந்திருந்தும், பயனருக்குப் புதிய பதிப்பு கிடைக்காது.

இதன் விளைவைப் பெருநிறுவனத்தைவிடத் தனி மாணவரே அதிகம் உணர்வார். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊரில், அரசு வழங்கிய மடிக்கணினியை வைத்திருக்கும் ஒருவர், தமிழ் விசைப்பலகை ஒன்றில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த விரும்புகிறார் எனக் கொள்ளலாம். பல கிகாபைட் அளவுள்ள நிரலாக்கச் சூழலையும் அதன் நீட்சியையும் அந்தக் கணினியில் ஏற்றுவது எளிதன்று. உரைக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அனுப்புவது அவரால் இயலும்.

ஆகவே தனியொருவர் தன் தேவைக்குச் செய்யும் சிறு செயலிக்கு நீட்சி முறை போதுமானது. பலர் பேண வேண்டிய, நெடுங்காலம் நிலைக்க வேண்டிய மென்பொருளுக்கு அது பொருந்தாது. புதிய கணினியில் மூல நிரலை இறக்கி, ஒரே கட்டளையில் நிறுவியைப் பெற முடிகிறதா என்பதே இங்கு உரிய சோதனை.