எட்டு எங்கிருந்து வந்தது?

1999 ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் கேட்ட வட்டக் கணக்கு ஒன்று இன்றும் பயிற்சிப் புத்தகங்களில் இருக்கிறது. அதன் சாரம் இது: ஆதிப்புள்ளியையும் (ப, க) என்ற புள்ளியையும் இணைக்கும் கோடு வட்டத்தின் விட்டம். (ப, க) புள்ளியிலிருந்து வரைந்த இரு வேறு நாண்களைக் கிடை அச்சு இருசமக் கூறிட்டால், ப-வுக்கும் க-வுக்கும் என்ன தொடர்பு? இரண்டுமே பூச்சியமல்ல என்றும் சொல்லியிருப்பார்கள். விடை: ப² > 8க².

பலரும் போடும் வழி: நடுப்புள்ளியை (ந, 0) என்று வைத்து, மறுமுனையை வட்டத்தின் சமன்பாட்டில் பிரதியிட்டால் 2ந² − 3பந + ப² + க² = 0 வரும். தன்மைகாட்டி பூச்சியத்தைவிடப் பெரிது என்று எழுதினால் விடை கையில். வழியில் தப்பில்லை. ஆனால் தொட்டியத்தில் என்னிடம் படிக்க வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண், "எட்டு எங்கேருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டபோது அதனிடம் பதில் இல்லை.

சாப்பாட்டுத் தட்டைத் திண்ணையில் கவிழ்த்து, சாக்பீஸால் சுற்றி வரைந்தோம். புள்ளி அச்சுக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, நாணின் மறுமுனை அவ்வளவு கீழே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நடு அச்சில் விழாது. ஆகவே க தூரம் கீழே ஓர் இணைகோடு. அது வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். மையத்திலிருந்து அந்தக் கோடு ஒன்றரை க தூரம்; அது ஆரத்தைவிடக் குறைய வேண்டும். இருபுறமும் இரட்டித்து வர்க்கப்படுத்தினால் 9க² < ப² + க². ஒன்பதில் ஒன்று போனால் எட்டு.

(3, 1) எடுத்துப் பார்த்தாள். மறுமுனைகள் (1, −1), (2, −1). நடுப்புள்ளிகள் (2, 0), (2.5, 0).

அந்தப் பூச்சிய நிபந்தனையையும் விட்டுவிடக் கூடாது. க = 0 ஆனால் தன்மைகாட்டி அப்போதும் இரண்டு மூலங்களைத் தரும்; ஒன்று நீளமே இல்லாத நாண், மற்றது அச்சின் மேலேயே படுத்த விட்டம். இரண்டுமே செல்லாது. இயற்கணிதம் இதைக் காட்டிக்கொடுக்காது, படம் உடனே காட்டிவிடும். ஆக, க பற்றிய நிபந்தனை கட்டாயம் வேண்டும். ப பற்றியது வேண்டாத சுமை: ப = 0 என்றால் 0 > 8க² என்றாகும், அதுவே நடக்காது.

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதைப் படத்தில் தொடங்காமல் தன்மைகாட்டியில் தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது பிழை என்றே சொல்வேன். அதே இணைகோடு சாய்ந்த கோட்டுக்கும் உதவும், நீள்வட்டத்துக்கும் உதவும்.