கைப்பிடி எந்தப் பக்கம்?

போன வருஷம் ஒரு முழு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைத் தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் அடக்கப் பார்த்தேன். கேமராக்காரர்கள் வைத்திருப்பார்களே, விளிம்பில் ரப்பர் வளையம் ஓடும், மழையில் விட்டாலும் உள்ளே ஈரம் போகாத கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி, அது. லேப்டாப் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ் வகை, 17 செ.மீ. சதுரம். உள்ளே எல்லாவற்றையும் தாங்கப்போகும் அலுமினியத் தகட்டை வெட்டித்தரச் சொல்லித் துவாக்குடியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கைப்பிடி எந்தப் பக்கம் தம்பி?”

நான் அதை யோசிக்கவே இல்லை. மேசைமேல் படுத்துக் கிடக்கும் போர்டு, பெட்டியைத் தூக்கினால் செங்குத்தாகிவிடும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அரைக் கிலோ ஹீட்சிங்க் பக்கவாட்டில் தொங்கும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் திருகுகள் என்ன ஆகும் என்று சொல்ல இன்ஜினியரிங் டிகிரி தேவையில்லை. எனக்கு அது இருந்தும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

இரண்டாவது பிரச்சினை சூடு. தூசியும் தண்ணீரும் நுழையாத பெட்டியிலிருந்து வெப்பமும் வெளியேறாது. துளை போட்டால் பெட்டி பெட்டியாக இருக்காது. போடாவிட்டால் பத்தே நிமிஷத்தில் பிராசஸர் மூச்சுத் திணறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் எல்லாரும் செய்யும் சமரசத்தையே நானும் செய்தேன்: மூடியிருக்கும்போது பெட்டி, திறந்தால்தான் கம்ப்யூட்டர்.

இந்த வேலை ஓடிய இரண்டு மாதமும் ராத்திரிகளில் படித்துக்கொண்டிருந்தது சுஜாதாவை. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு வேறு யாரைப் படிப்பது? கீழச் சித்திரை வீதியில் நடந்தால் அவருடைய வாக்கியங்கள் காலில் இடறும். ஆனால் இந்த முறை துவாக்குடிக்காரரின் கேள்வி கூடவே வந்தது. சுஜாதாவின் இயந்திரங்களுக்குக் கைப்பிடி எந்தப் பக்கம்?

‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோவை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. தூக்கிப் போகும் கம்ப்யூட்டர் என்று சந்தைக்கு வந்தவை அந்தக் காலத்தில் எப்படி இருந்தன? 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும், 11 கிலோ, 5 அங்குலத் திரை. தூக்கலாம், மறுநாள் தோள் வலிக்கும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தமிழ் எழுத்தாளர் அக்குளில் இடுக்கிக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டரை நாய் வடிவத்தில் படைத்தார். அது படிக்கிறது, கேலி பேசுகிறது, நிலாவுக்கு யோசனை சொல்கிறது. இன்றைக்குச் செயலியோடு பேசிக்கொண்டே தூங்கிப்போகும் தலைமுறை “அன்றே சொன்னார் தலைவர்” என்று மீம் போடுவதில் ஆச்சரியமில்லை.

எனக்கு அந்தப் பாராட்டில் ஒரு மனக்குறை உண்டு. ஜீனோ எப்படிச் செய்யப்பட்டது என்பதில் நாவலுக்கு அக்கறையே இல்லை. ஜீனோ ஒரு குரல், அவ்வளவுதான். சுஜாதாவின் குரல். அதற்கு உலோக உடம்பு இருப்பதாக நாம் நம்புவது அந்தக் குரலின் கெட்டிக்காரத்தனத்தால். விஞ்ஞானக் கதை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, நன்றாகப் பேசத் தெரிந்தவர் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்காட்டும் வித்தை. வித்தை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்தைக் கையால் தொட்ட ஒருவரின் எழுத்தா அது?

தொட்டவர் அவர். சென்னை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், பெங்களூரு பெல்லில் வேலை பார்த்தவர். (திருச்சியில் ‘பெல்’ என்றால் பாய்லர் செய்யும் பி.எச்.இ.எல். இவருடையது பாரத் எலெக்ட்ரானிக்ஸ். உள்ளூர் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதை விளக்க வேண்டியிருக்கிறது.) அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானபோது அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். தனியாக அவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது ரசிக மிகை. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். அதே காலத்தில் தன் இயந்திரத்தைச் செய்தது. வெளித்தோற்ற வடிவமைப்பில் ஐ.ஐ.டி. பம்பாயின் வடிவமைப்பாளர்களுக்குப் பங்கு உண்டு.

ஒரு பெட்டிக்காரனாக அந்த இயந்திரத்தைப் பாருங்கள். இரண்டு பகுதி, நடுவே 5 மீட்டர் கேபிள். ஒரு வாக்குப் பலகையில் 16 பெயர். ஆரம்ப மாடல்களில் நாலு பலகை வரை கோத்து 64 பேருக்குக் கொண்டுபோகலாம். கரண்ட் இல்லாத ஊரிலும் வேலை செய்ய வேண்டுமே, அதனால் பேட்டரி. நிமிஷத்துக்கு 5 ஓட்டுக்கு மேல் ஏற்காது. சாவடியைப் பிடித்தவன் அவசரப்பட்டு அமுக்கினாலும் அது நிதானமாகத்தான் எண்ணும். எந்த நெட்வொர்க்கும் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் கைப்பிடி வைத்த தனிப் பெட்டி. அதன் மேல் நூல், சீட்டு, அரக்கு. முப்பது டிகிரி வெயிலில் என் பெட்டி திணறியதற்கும் இது திணறாததற்கும் காரணம் எளிது. இது மிகக் குறைவாகத்தான் செய்கிறது, அதனால் சூடாவதில்லை.

இதன் சரித்திரமே ஒரு நாவலுக்கு ஆகும். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் வைத்தார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைத் தள்ளுபடி செய்தது. 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. நாடு முழுக்க எல்லாத் தொகுதியிலும் வந்தது 2004-ல். இருபத்திரண்டு வருஷம் ஒரு பெட்டி வெளியே வரக் காத்திருந்த கதை! கட்டுரைகளிலும் பத்திகளிலும் சுஜாதா இயந்திரத்துக்காக வாதாடியிருக்கிறார். நான் வாசித்த அவருடைய நாவல்களில் மட்டும் இந்த அனுபவத்தின் எடை இல்லை. அங்கே கம்ப்யூட்டர் வந்தால் கொலையோடு வரும், இல்லையென்றால் எதிர்காலத்தோடு வரும். கோப்புக்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டர் இல்லை.

கைப்பிடி வைத்த எழுத்து அவரிடம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகள், பெட்டியின் வேலை நடந்துகொண்டிருந்த அதே எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. ரங்கு கடை, பாட்டி, கிரிக்கெட் மட்டை, வீடு வீடாக வந்து உரிமையோடு சோறு கேட்கும் குண்டு ரமணி. இங்கே எந்தப் பொருளுக்கும் எடை உண்டு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் திருப்பம் வைத்தே ஆகவேண்டிய தொடர்கதைகளில் சூடேறித் திணறும் சுஜாதா, இந்தக் கதைகளில் குறைவாகச் செய்கிறார். ஒரு ஆள், ஒரு சம்பவம், முடிந்தது. கடைசியில் ஒரு விளக்கு எரியும், பீப் சத்தம் கேட்கும், வெளியே வந்துவிடலாம். அவருடைய பொறியியலும் எழுத்தும் ஒன்றாகும் இடம் ஜீனோ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குண்டு ரமணி.

இப்படிச் சொன்னவுடன் ஒரு சங்கடமும் வருகிறது. அந்த இயந்திரம் யாரையும் வேறுபடுத்தாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம், எல்லாருக்கும் ஒரே பொத்தான். கதைகளோ பெரும்பாலும் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள்ளேயே நிற்கின்றன. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பொன்மலை ரயில்வே பணிமனை, அந்தப் பக்கம் துவாக்குடி, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்கள். கதை சொல்லும் பையன் அந்தப் பக்கம் போவது காலேஜுக்கு. தேவதைகள் என்று பெயர் வைத்தவர், அவர்களைத் திண்ணையிலிருந்து பார்க்கும் பையனின் கண்ணோடு நிறுத்திக்கொண்டார். பையன் பார்க்கிறான், வருத்தப்படுகிறான், ஒன்றும் செய்வதில்லை. இது கதைகளின் நேர்மை என்றும் சொல்லலாம், வசதி என்றும் சொல்லலாம். நான் வசதி என்றே சொல்வேன். என் பாட்டி பொன்மலைக்காரி என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய பெட்டியை ஜனங்கள் முழுசாக நம்பவில்லை என்பதும் பிறகு நடந்தது. சுஜாதா 2008-ல் காலமானார். 2010-ல் ஒரு ஆய்வுக் குழு, இயந்திரம் கையில் கிடைத்தால் எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று காட்டியது. 2013-லிருந்து ஓட்டுச் சீட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி காட்டும் விவிபேட் கூடவே வந்தது. எவ்வளவு நல்ல பெட்டியானாலும் உள்ளே என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். ஜீனோவுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்த வாசகரும் கேட்டதில்லை, நானும்தான் பள்ளிக்கூட வயதில் கேட்கவில்லை.

என் பெட்டி ஒருவழியாக முடிந்தது. எட்டு கிலோ. கைப்பிடி நீளவாக்கில், ஹீட்சிங்க்குக்குக் கீழே ஒரு தாங்கி, அது பட்டறைக்காரரின் யோசனை. 2024 ஏப்ரல் 19 தேர்தலுக்கு ஸ்ரீரங்கத்தில் ஓட்டுப் போட்டேன். பொத்தானை அமுக்கியதும் அந்த நீண்ட பீப். சாயங்காலம் அதே வழியாகத் திரும்பும்போது பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. அலுவலர் அம்மா ஒருத்தர், டீச்சராகத்தான் இருக்க வேண்டும், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் பெட்டி. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளி வேனுக்குள் ஏற்றினார். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: “மெல்ல வைங்க மேடம்.” “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், இன்னும் ரெண்டு இருக்கு, நகருங்க” என்றார்.