அன்றிலின் குரல்: சங்கப் பறவை அடையாளத்தில் செவிச்சான்று

திறவுச்சொற்கள்: அன்றில், செவிச்சான்று, ஒலி மரபு, குறுந்தொகை, அரிவாள்மூக்கன்

சங்கப் பாடல்களில் வரும் பறவைகளை இன்றைய உயிரியல் வகைப்பாட்டோடு பொருத்திக் காணும் முயற்சி தமிழாய்வில் புதிதன்று. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று. அதன் வழியில் பின்னர் வெளிவந்த கட்டுரைகள் பலவற்றில் ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. நிறம், அலகு, கால், கூடு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. குரலோ வருணனை என ஒதுக்கப்படுகிறது. பிற பறவைகளில் இதனால் பெரிய இழப்பு நேராமல் போகலாம். அன்றிலில் நேர்ந்திருக்கிறது.

அன்றிலைப் பற்றிய செய்திகள் செறிந்த பாடல்களுள் குறுந்தொகையின் 160, 301 ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கன. முன்னது அன்றிலின் தலையை நெருப்புக்கும், பெடையின் வளைந்த அலகை இறால் மீனுக்கும் ஒப்பிடுகிறது. உயர்ந்த கிளையிலுள்ள கூட்டிலிருந்து நள்ளிரவில் அப்பறவை ஒலிப்பதாகச் சொல்கிறது. பின்னது பனைமடலில் சிறு குச்சிகளால் அமைந்த கூட்டையும், கருங்காலையும், சூல்கொண்ட பெடை நடு இரவில் எழுப்பும் குரலையும் காட்டுகிறது. கீழ்நோக்கி வளைந்த அலகு அரிவாள்மூக்கன் குடும்பத்தைச் சுட்டுகிறது என்பதை மறுப்பது எளிதன்று. சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது.

கருப்பு அரிவாள்மூக்கனின் (சூடிபிஸ் பாபிலோசா) மயிரற்ற தலையில் செந்நிறப் பரப்பு உண்டு. ஆனால் அதன் கால்கள் செங்கல் நிறத்தவை. பழுப்பு அரிவாள்மூக்கனின் (பிளெகாடிஸ் பால்சினெல்லஸ்) கால்கள் கருமை சார்ந்தவை. ஆனால் அதன் தலையில் நெருப்பைக் காண இயலாது. தலையைக் கொண்டால் கால் பொருந்தவில்லை; காலைக் கொண்டால் தலை பொருந்தவில்லை. கருமை என்பதற்கு வலிமை என்றும் பொருளுண்டு; கருங்கை என்பது வலிய கையைக் குறிப்பதுபோலக் கருங்கால் என்பதை வலிய கால் எனக் கொள்ளலாம் என்று ஒரு வழி சொல்லலாம். சொல்லளவில் அது தவறில்லை. எனினும் ஒரு முடிவை முன்னரே கொண்டுவிட்டு, அதற்கேற்பச் சொல்லை வளைக்கும் ஆபத்து அதில் உண்டு. இரு பறவைகளுக்கிடையே தேர்ந்தெடுக்கக் கண் தரும் சான்று போதவில்லை என்பதே நேர்மையான நிலை.

செவி இங்கு உதவுகிறது. பழுப்பு அரிவாள்மூக்கன் பெரிதும் ஓசையற்ற பறவை. அவ்வப்போது கரகரத்த முனகலையே எழுப்புகிறது. நீர்நிலை சார்ந்த மரங்களில் கொக்கு, நாரைகளோடு கூட்டமாகக் கூடு கட்டுவது அதன் இயல்பு. கருப்பு அரிவாள்மூக்கனோ உரத்த அலறல்களைத் தொடராக எழுப்புகிறது. அவை சுருதியிலும் வலிவிலும் படிப்படியாகத் தாழ்ந்து செல்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் இக்குரல் மிகுதி. பெரிய மரங்களிலும் பனைகளிலும் தனித்த இணையாகவோ சிறு தொகுதியாகவோ குச்சிக்கூடு கட்டும் பறவையும் இதுவே. சூல்கொண்ட பெடை, பனை, குச்சிக்கூடு, தொலைவு கேட்கும் குரல் என்னும் நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றன. குரலை வருணனை என்று தள்ளிவைத்தவர்கள் தள்ளியது, வழக்கைத் தீர்க்கக்கூடிய சாட்சியை.

இவ்வாய்வுகள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. இரு பாடல்களிலும் கேட்பவள் இருளில் இருக்கிறாள். செந்தலையும் கருங்காலும் அவ்வேளையில் அவள் கண்டவை அல்ல. குரல் முதலில் வருகிறது. அக்குரலுக்குரிய உடல் நினைவிலிருந்து எழுகிறது. இன்று பறவைக் குரல் பயில்வோர் அடைய முயலும் நிலை இதுதான். சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா, இடைவெளி எவ்வளவு, ஓசை தெளிந்ததா கரகரத்ததா எனத் தனித்தனியே கேட்டுப் பழகியவருக்கு, பின்னர் ஒரு குரல் கேட்டவுடனே பறவை முழு உருவில் தோன்றுகிறது. தலைவி அப்பயிற்சியைப் பெற்றவள் என்பதைப் பாடல் விளக்குவதில்லை; இயல்பெனக் கொள்கிறது. செவியால் பறவையை அறிவது அச்சமூகத்தில் பொது அறிவாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டுவதில்லை.

ஒலி மரபு பற்றிய பள்ளிப் பாடங்கள் இவ்வறிவின் எச்சத்தையே கற்பிக்கின்றன. அதை மரபுப் பிழை நீக்கும் தேர்வு வினாவாகச் சுருக்கிவிட்டன. மயில் அகவும், குயில் கூவும், கூகை குழறும், ஆந்தை அலறும் என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். இருளில் காண இயலாத கூகைக்கும் ஆந்தைக்கும் வெவ்வேறு வினைகள் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. அன்றிலோ இப்பட்டியலுக்கு அடங்குவதில்லை. குறுந்தொகை 160 அதற்கு ‘நரலும்’ என்னும் வினையைத் தருகிறது. 301 மயிலுக்குரியதெனக் கற்பிக்கப்படும் ‘அகவும்’ என்பதையே தருகிறது. ஒரு பறவைக்கு ஒரு வினை என்பது பிற்காலத் தொகுப்பின் ஒழுங்கு. அகவுதல் பறவையைக் குறித்த சொல்லன்று, குரலின் இயல்பைக் குறித்தது: நெடிதாய், தொலைவை எட்டும் அழைப்பு. இணையாக இருந்து ஒலிக்கும்போது நரலுதலும், பெடை தனித்து அழைக்கும்போது அகவுதலும் வருவது தற்செயலா, வேறுபட்ட குரல்களின் பதிவா என்பது சங்க இலக்கியம் முழுவதிலுமுள்ள அன்றில் குறிப்புகளைச் சூழலோடு அடுக்கிப் பார்த்த பின்னரே சொல்லத்தக்கது.

செவியைச் சான்றாக ஏற்பது அதை நம்பிவிடுவதாகாது. இவ்வெச்சரிக்கையைத் தருவதும் குறுந்தொகை 301தான். பெடையன்றிலின் குரலை ஐயமின்றி அறியும் அதே தலைவி, வராத தலைவனின் தேர்மணியும் வருவதுபோலத் தன் செவியில் ஒலிப்பதாகத் தோழியிடம் கூறுகிறாள். உண்மையாகக் கேட்டதும் எதிர்பார்ப்பால் கேட்டதும் ஒரே இரவில், ஒரே செவியில் அருகருகே நிற்கின்றன. உரைகள் இதைக் காதல்நோயின் மிகுதி என்று கடந்துவிடுவது வழக்கம்; கேட்டலைப் பற்றிய கூர்மையான அவதானிப்பு என்று படிப்பதற்கும் பாடல் இடம் தருகிறது. காட்டில் ஒரு பறவையை எதிர்பார்த்துச் செல்பவர் அதன் குரலையே எங்கும் கேட்பதும், 2021இல் வெளிவந்த மெர்லின் ஒலியறி வசதி போன்ற செயலிகள் சில நேரம் இல்லாத பறவையைக் காட்டுவதும் இன்று அறிந்த பிழைகள்.

இங்கு முன்வைத்த அடையாளத்துக்கும் ஒரு தடை எஞ்சியுள்ளது. கருப்பு அரிவாள்மூக்கன் மிகுதியாகக் குரலெழுப்புவது விடியலிலும் அந்தியிலும். பாடல்களோ நள்ளிரவைச் சொல்கின்றன. பிரிவின் துயரை ஆழப்படுத்தப் புலவர் பொழுதை நகர்த்தினர் என்பது எளிய விடை. எளிமையாலேயே அது ஐயத்துக்குரியது. கூடுள்ள பனைகளின் அடியில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை இனப்பெருக்கக் காலம் முழுதும் இரவிலும் இயங்கவிட்டால் இதைச் சோதித்தறிய முடியும். 2005 முதல் இயங்கும் சீனோ-கான்டோ போன்ற திறந்த ஒலித்தொகுப்புகளில், பதிவான நேரத்தோடு குரல்களை ஒப்பிடுவதும் கூடும். யாமத்துக் குரல் பதிவானால் அடையாளம் உறுதிபெறும். பதிவாகாவிடில் பொழுது இலக்கிய மரபென்பதை நிறுவ வேண்டும். அல்லது இரவில் ஒலிக்கும் வேறொரு பறவையை அன்றிலுக்குரியதாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.