நிறமே உடலாகும்போது

நிறம் தனித்து நிற்பதில்லை. ஒரு பொருளைச் சார்ந்தே நிற்கும் என்பது இல்முல் கலாம் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். பொருள் ஜவ்ஹர், அதில் தங்கும் நிறம் அரள். சுவருக்கு வெள்ளையடித்தாலும் மரத்திற்குச் சாயம் ஏற்றினாலும் இவ்வுறவு மாறுவதில்லை. ஆனால் வண்ணக் குழம்பையே கட்டுமானப் பொருளாகக் கொண்டு உருவம் சாராத ஒரு சிற்பத்தை எழுப்பினால் என்ன நிகழும்? அமெரிக்க ஓவியர் ஜே டிஃபியோவின் 'ரோஜா' எழுப்பும் வினா இதுவே.

1958இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் தெருவிலிருந்த தம் இல்லத்தில் அம்மையார் இதனைத் தொடங்கினார். எண்ணெய் வண்ணத்தை அப்பினார், அப்பியதைக் கத்தியால் செதுக்கினார், மீண்டும் அப்பினார். மரத்துண்டுகளும் அப்பிரகமும் அதனுள் சேர்ந்தன. 1959இல் நியூயார்க் நவீனக் கலைக் கூடம் தன் கண்காட்சிக்குக் கேட்டபோது, பணி முடியவில்லையென அனுப்ப மறுத்தார். ஏறத்தாழ எட்டாண்டுகளில் அது பத்தரை அடிக்கு மேல் உயரமும், சில இடங்களில் 28 சென்டிமீட்டர் தடிப்பும், ஒரு டன்னை எட்டும் எடையும் கொண்டதாயிற்று. 1965இல் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபோது சன்னலோரச் சுவரை வெட்டித்தான் அதனை வெளியே இறக்கினர்.

இக்கதையில் மயங்கி நிற்போர் பலர். எடை கலையின் தகுதியாகாது. உழைத்த ஆண்டுகளின் எண்ணிக்கையும் ஆகாது. படைப்பையே நோக்குவோம். நடுப்புள்ளியை நெருங்க நெருங்கக் கதிர்கள் கூர்மையடைகின்றன. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லப் பாறைபோல் கரடாகின்றன. வெண்மையும் சாம்பலுமன்றி வேறு நிறம் ஏறக்குறைய இல்லை. ஓவியர் நிழலைத் தீட்டுவார். இங்கோ நிழல் தானே விழுகிறது. வண்ணம் உடலாக மாறியதற்கு ஈடாகத் தன் வண்ணத்தன்மையைத் துறந்துவிட்டது. இப்படைப்பின் உண்மையான வெற்றி இதுவே என்பது என் கருத்து.

உருவம் சாராக் கலையை அரபியர் 'தஜ்ரீதீ' என்பர். அச்சொல்லின் வேர் உரித்தலைக் குறிக்கும். உருவம் இல்லாமை மட்டும் தஜ்ரீத் ஆகாது. மிகையானதை உரித்தெடுப்பதே தஜ்ரீத். இவ்வளவுகோலால் அளந்தால் 'ரோஜா' பாதியே தேறும். நடுவில் கத்தி வென்றது. விளிம்பில் குவியல் வென்றது.

அக்குவியலே பின்னர் வினையாயிற்று. உட்புற வண்ணம் எளிதில் காயவில்லை. தன் பாரத்தாலேயே தொய்ந்தது. 1969இல் காட்சிக்கு வைக்கப்பட்டபின் ஒரு கலைக் கல்லூரியின் கூட்ட அறைக்குச் சென்ற அது, நாளடைவில் ஒரு போலிச் சுவருக்குப் பின்னே மறைக்கப்பட்டது. டிஃபியோ 1989இல் மறைந்தார். விட்னி அருங்காட்சியகம் அதனைச் சீர்செய்து, பின்புறம் தாங்கமைப்புக் கட்டி, தன்னுடையதாக்கிக் கொண்டது 1995இல்தான்.

அரள் இரு கணங்கள் நீடிப்பதில்லை என்றனர் அஷ்அரீ அறிஞர்கள். அரளை ஜவ்ஹராக்கி நிறுத்த முயன்றார் டிஃபியோ. நிறம் உடலாயிற்று, ஆயினும் உடலுக்குரிய முதுமையும் நோயும் பிறர் தாங்கவேண்டிய நிலையும் அதனோடு வந்துசேர்ந்தன. சார்ந்து நிற்பதிலிருந்து நிறத்திற்கு அங்கும் விடுதலை கிட்டவில்லை.